பெயர்ப்பலகையைத் திருத்திய பூ

பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைப்பது இன்று பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. வேம்பு, புங்கை, நந்தியாவட்டை என்றால் சிக்கல் இல்லை. பலகையில் தவறு இருந்தால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கள்ளி வகைத் தொட்டிகள் அப்படியல்ல. நர்சரியிலிருந்து வரும்போதே அவற்றில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு செருகியிருக்கும். சீட்டில் இருப்பதை அப்படியே பலகையில் எழுதுகிறோம். பலகையில் இருப்பதை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் சரிதானா என்று இந்த மூன்று இடங்களிலும் யாரும் பார்ப்பதில்லை.

சரிபார்க்க ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. அந்தச் செடி முதன்முதலாகப் பூக்கும் நாள்தான் அது. ஆனால் பல காக்டஸ் பூக்கள் ஓர் இரவோ ஒரு பகலோதான் இருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அந்த வாய்ப்பு பயன்படும்.

சீட்டு ஏன் தவறுகிறது?

காக்டஸ் குடும்பத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பல, இளஞ்செடியாக இருக்கும்போது ஒன்றுபோலவே இருக்கும். உருண்டையாக, விரல் அளவில், முள்ளோடு இருக்கும் பத்து இனங்களை ஒரே தட்டில் வைத்தால் பழகிய கண்ணுக்கும் தடுமாற்றம் வரும்.

வயது ஏற ஏறச் செடியின் உருவமும் மாறும். நிழலில் வளர்ந்தால் உருண்டைச் செடி நீண்டு மெலியும், முள் குட்டையாகும், நிறம் வெளுக்கும். அதே செடி வெயிலில் குண்டாகவும் அடர்ந்த முள்ளோடும் வளரும். புத்தகப் படத்தோடு உடலை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

மூன்றாவது காரணம் மனிதக் கை. விற்பனைக்கு அடுக்கும்போது சீட்டு ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும். கலப்பின விதையிலிருந்து வந்த கன்றுக்குத் தாய்ச்செடியின் பெயரையே எழுதிவிடுவார்கள். சில வேளைகளில் வாங்குபவருக்குப் பிடிக்கும் பெயரே சீட்டில் ஏறிவிடும். செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் அதுவரை தவறு வெளியே தெரிவதில்லை.

பூவை ஏன் நம்புகிறோம்?

தண்டும் முள்ளும் வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ப எளிதில் மாறுபவை. பூவின் அடிப்படை அமைப்பு அந்த அளவுக்கு மாறுவதில்லை. மகரந்தத்தாள் எத்தனை, சூற்பை மேலா கீழா, பூக்குழலில் செதில் உண்டா முடி உண்டா என்பவை வெயில் கூடியதாலோ தண்ணீர் குறைந்ததாலோ மாறிவிடா. அதனால்தான் 1753இல் தாவர இனங்களைத் தொகுத்த லின்னேயஸ், தாவரங்களைப் பூவின் இனப்பெருக்க உறுப்புகளைக் கொண்டு வகைப்படுத்தினார். அப்போது அவர் தாம் அறிந்த காக்டஸ்கள் அனைத்தையும் 'காக்டஸ்' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். பின்னால் வந்தவர்கள் பூவையும் கனியையும் நுணுகிப் பார்த்து அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். இப்போது டி.என்.ஏ. ஆய்வும் துணைக்கு வந்திருக்கிறது. ஆனால் பள்ளித் தோட்டத்தில் நம் கையில் இருப்பது கண்ணும் அளவுகோலும் ஒரு கைலென்சும்தான். அவற்றைக் கொண்டே வெகுதூரம் போக முடியும்.

முதல் கேள்வி: இது காக்டஸ்தானா?

இனம் எது என்று கேட்பதற்கு முன் குடும்பம் எது என்று கேட்க வேண்டும். தமிழில் 'கள்ளி' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு குடும்பங்களுக்கும் வழங்குகிறது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை யூஃபோர்பியா பேரினத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கு இவற்றுக்குச் சொந்தக்காரர். சப்பாத்திக்கள்ளி மட்டும் காக்டஸ். வறண்ட நிலத்தில் தண்ணீரைச் சேமிக்கும் தேவை இரு குடும்பங்களுக்கும் இருந்ததால் உருவம் ஒத்துப்போனது. குவி பரிணாமத்துக்கு இதைவிடக் கையருகே இருக்கும் எடுத்துக்காட்டு கிடைக்காது.

பூக்கும் முன்பே இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. காக்டஸில் முட்கள் ஏரியோல் எனப்படும் பஞ்சு போன்ற சிறு திட்டிலிருந்து கொத்தாக வரும். முள்ளுள்ள யூஃபோர்பியாக்களில் அந்தப் பஞ்சுத் திட்டு இருக்காது. சதுரக்கள்ளியில் முட்கள் இரண்டிரண்டாக இருக்கும். பூத்துவிட்டால் ஐயமே இல்லை. காக்டஸ் பூவில் பல இதழ்களும் எண்ணற்ற மகரந்தத்தாள்களும் பல கிளைகளாகப் பிரிந்த சூலகமுடியும் இருக்கும். பெரும்பாலானவற்றில் சூற்பை இதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கும். யூஃபோர்பியாவில் நாம் ஒரு பூ என்று நினைப்பது, சயாத்தியம் எனப்படும் சிறு கிண்ணம் போன்ற மஞ்சரி. ஒவ்வோர் ஆண்பூவும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான். நடுவில் மூன்று அறை கொண்ட சூற்பையோடு ஒரு பெண்பூ. இதழ் என்று சொல்ல எதுவும் இல்லை.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. யூஃபோர்பியாவின் பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் கடுமையான அழற்சியும் தற்காலிகப் பார்வைக் குறைவும் ஏற்படலாம். நர்சரிகளில் யூஃபோர்பியா டிரைகோனா போன்ற செடிகளைக் 'காக்டஸ்' என்றே விற்கிறார்கள். காக்டஸ் என்று நம்பும் குழந்தை முள்ளுக்கு மட்டும்தான் பயப்படும். பாலைப் பற்றி அதற்குத் தெரியாது. இந்தத் தொட்டிகளைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கண்ணில் பால் பட்டுவிட்டால் கசக்கவிடாமல், சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் தொடர்ந்து கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. குறுந்தொகையில் பாலை நிலத்துக் கள்ளிக்காடு வருகிறது. காக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஓர் இனம் மட்டுமே இயற்கையாக ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. அதுவும் மரக்கிளையில் தொங்கி வளரும் மெல்லிய செடி. பாலை நிலத்துக்குரியது அல்ல. மற்றவை 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே பழைய உலகத்துக்கு வந்தன. எனவே சங்கப் பாடலில் வரும் கள்ளி யூஃபோர்பியாவாகத்தான் இருக்க முடியும். பாலைத் திணைக்குப் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் சப்பாத்திக்கள்ளியைத்தான் வரைவார்கள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று விளக்கலாம். திருகுகள்ளிக்கு லின்னேயஸ் வைத்த பெயரே யூஃபோர்பியா திருக்கள்ளி. மலபார்ப் பகுதிச் செடிகளைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்ற நூலில் பதிவாகியிருந்த உள்ளூர்ப் பெயரை அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு தொட்டி, ஒரு சீட்டு

இனி ஒரு செடியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கித் தந்த தொட்டி அது. பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பாக ஒரு குமிழ். சீட்டில் 'மூன் காக்டஸ்' என்று அச்சிட்டிருந்தது. ஜிம்னோகேலிசியம் மிஹானோவிச்சி என்ற இனத்தின் பச்சையம் இல்லாத மாறுபாடு அந்தச் சிவப்புக் குமிழ். பச்சையம் இல்லாததால் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க அதனால் முடியாது. ஆகவே அதை வேறொரு காக்டஸின் தண்டில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். மேலே இருப்பது ஒட்டுத்தண்டு. கீழே உணவு தயாரித்துக் கொடுப்பது வேர்க்கட்டை.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் சிவப்புக் குமிழ் அழுகி விழுந்தது. இவ்வகை ஒட்டுச்செடிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். வேர்க்கட்டையும் குமிழும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதும் நீர் தேங்குவதும் இதற்குக் காரணங்கள். எஞ்சிய பச்சைத் தண்டைத் தோட்டத்துச் சுவரோரம் இருந்த கல்தூணின் அடியில் நட்டோம். சீட்டும் கூடவே போனது. தண்டு தூணைப் பற்றி ஏறியது. நான்காம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த சில நாள்களில், தண்டின் ஓரத்தில் ஒரு மொட்டு தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் இதைக் காட்டி, "இது என்ன செடி?" என்று கேட்டேன். சீட்டைப் பார்த்துவிட்டு, "மூன் காக்டஸ், டீச்சர்" என்றார்கள். "சீட்டில் இருப்பது தப்பாக இருக்கலாம் இல்லையா?" என்றதற்கு ஒரு மாணவி, "அச்சடிச்சே போட்டிருக்காங்களே டீச்சர், அது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். அறிவியல் ஆசிரியர் எவருக்கும் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. இன்னொரு தரப்பு, "எங்க ஆயா வீட்டில் இதே மாதிரி ராத்திரியில் பூக்கும். இது பிரம்ம கமலம்" என்றது. ஆக, மொட்டு விரிவதற்கு முன்பே எங்களிடம் இரண்டு கருதுகோள்கள் இருந்தன. எந்தக் கருதுகோள் சரியென்றால் பூவில் எதைப் பார்ப்போம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னேன்.

மொட்டு தோன்றி ஏறத்தாழ மூன்றரை வாரத்தில் பூ விரிந்தது. இரவில் மாணவர்களை வரவழைப்பது சரியல்ல. பள்ளிக்கு எதிரே குடியிருக்கும் பெற்றோர் ஒருவர் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அரை மணிக்கு ஒரு படம் எடுத்துத் தந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அருகில் குடியிருக்கும் மாணவர்கள் பெற்றோருடன் வந்தார்கள். பூ இன்னும் திறந்தே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் பின்வருவனவற்றைப் பதிவு செய்தார்கள்.

முதலாவது, மொட்டு வந்த இடம். தண்டின் விளிம்பில் உள்ள ஏரியோலிலிருந்து வந்திருந்தது. ஆகவே காக்டஸ்தான்.

இரண்டாவது, நீளம். அடியிலிருந்து இதழ் நுனி வரை 28 சென்டிமீட்டர். ஜிம்னோகேலிசியம் பூ சில சென்டிமீட்டர் அளவில் செடியின் உச்சிப் பகுதியில் வரும். அங்கேயே சீட்டின் பெயர் விழுந்துவிட்டது.

மூன்றாவது, பூக்குழலின் வெளிப்பக்கம். இலை போன்ற பெரிய பச்சைச் செதில்கள் இருந்தன. முடியோ முள்ளோ இல்லை. இந்த ஓர் அடையாளம் பல இனங்களை விலக்கிவிடுகிறது. எக்கினாப்சிஸ் பூவின் குழலில் முடி இருக்கும். செலினிசெரியஸ் கிராண்டிஃபுளோரஸ் பூவின் குழலில் முடியும் முள்ளும் இருக்கும். செரியஸ் பூவின் குழல் ஏறத்தாழ வழவழப்பாக இருக்கும்.

நான்காவது, நிறம். உள்ளிதழ்கள் வெள்ளை. வெளியிதழ்கள் பச்சை கலந்த மஞ்சள். குறுகலாகப் பின்னோக்கி வளைந்தவை.

ஐந்தாவது, உள்ளமைப்பு. மகரந்தத்தாள்கள் எண்ணி முடியாத அளவு. தடித்த சூலகத்தண்டு. அதன் நுனியில் சூலகமுடிக் கிளைகள் 24. சூற்பை இதழ்களுக்குக் கீழே.

ஆறாவது, தண்டு. மூன்று பட்டை. விளிம்பு காய்ந்து தடித்து மரப்பட்டை போல இருந்தது. ஒவ்வோர் ஏரியோலிலும் சில குட்டை முட்கள்.

பிரம்ம கமலம் என்ற கருதுகோளைச் சோதிக்க, அதைச் சொன்ன மாணவன் தன் ஆயா வீட்டுச் செடியின் தண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அது இலை போலத் தட்டையாக இருந்தது. முள் இல்லை. உண்மையில் அது இலையும் அல்ல, இலைத்தொழில் தண்டு. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்ததும் வாதம் முடிந்துவிட்டது. பூவில் வெள்ளையும் மணமும் இரவும் ஒத்துப்போயின. தண்டும் பூக்குழலும் ஒத்துப்போகவில்லை. ஒற்றுமைகளை மட்டும் பார்த்தால் எந்தப் பெயரையும் நிறுவிவிடலாம். வேற்றுமை ஒன்றைத் தேடிப் பார்ப்பதுதான் சோதனை.

எல்லா அடையாளங்களும் சேர்ந்து காட்டிய பெயர் செலினிசெரியஸ் உண்டாட்டஸ். சந்தையில் டிராகன் பழம் என்று விற்கிறதே, அந்தச் செடி. மூன் காக்டஸுக்கு வேர்க்கட்டையாக நர்சரிகள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். முதல் பூ காய்க்காமல் உதிர்ந்தது. ஆகஸ்டில் வந்த பூவுக்குப் பஞ்சுக் குச்சியால் மகரந்தம் தொட்டு வைத்தோம். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதும் சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கறுப்பு விதையுமாகப் பழம் கிடைத்தது. சதை சிவப்பாக இருந்திருந்தால் அல்லது தோல் மஞ்சளாக இருந்திருந்தால் அதே பேரினத்தின் வேறு இனங்களை யோசித்திருப்போம். பூ கொடுத்த விடையைக் கனி உறுதி செய்தது.

அச்சடித்தது எப்படித் தப்பாகும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. சீட்டு முதல் நாளில் பொய் சொல்லவில்லை. அது தலையின் பெயரைச் சொன்னது. கீழே இருந்த உடலைப் பற்றிப் பேசவே இல்லை. தலை போன பிறகும் சீட்டு மாறவில்லை. எழுதியது நிலைத்து நிற்கும், எழுதப்பட்ட பொருள் மாறிவிடும் என்பதை அந்த மாணவியே தன் குறிப்பேட்டில் தன் சொற்களில் எழுதினாள்.

பிரம்ம கமலமும் கமலமும்

ஆயா வீட்டுச் செடிக்கும் ஒரு பெயர்க் கதை உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளில் பிரம்ம கமலம், நிஷாகந்தி என்று வளர்க்கப்படுவது எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். இமயமலையில் பிரம்ம கமலம் என்று வழங்குவது சௌசூரியா ஒப்வல்லாட்டா. அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும். உத்தராகண்டின் மாநில மலரும் அதுவே. பெயர் ஒன்று, செடிகள் இரண்டு, உறவும் கிடையாது.

2021 ஜனவரியில் குஜராத் அரசு டிராகன் பழத்துக்குக் 'கமலம்' என்று பெயர் சூட்டியது. தாமரையும் கமலம்தான். ஆக, கமலம் என்று மட்டும் சொன்னால் நான்கு செடிகளில் எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வழக்குப் பெயரைத் தவறு என்று மாணவர்களிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் பாட்டி சொல்லும் பெயருக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. வழக்குப் பெயர் ஓர் ஊருக்குள் பேச உதவுகிறது. அறிவியல் பெயர் ஊர் தாண்டிப் பேச உதவுகிறது. பலகையில் இரண்டும் இருக்கட்டும்.

அறிவியல் பெயரும் மாறாதது அல்ல. டிராகன் பழச்செடி முன்பு ஹைலோசெரியஸ் உண்டாட்டஸ் எனப்பட்டது. 2017இல் அந்தப் பேரினத்தைச் செலினிசெரியஸோடு சேர்த்துவிட்டார்கள். பழைய நூல்களில் பழைய பெயரே இருக்கும். உறவுமுறை பற்றிய அறிவு வளர்ந்ததால் வந்த மாற்றம் இது.

பெயர் மாறினால் என்ன இழப்பு?

ஒரு செடியின் பெயரை இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சைதாப்பேட்டையின் கதையைச் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், அங்கே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். சப்பாத்திக்கள்ளியில் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கலாம். அந்த வணிகம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் கையில் இருந்தது. அதை உடைப்பதே நோக்கம். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்தார். ஆனால் அவை தரமான சாயம் தரும் வளர்ப்பு இனம் அல்ல. டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்ற வேறு இனம். சாயத் தொழில் எதிர்பார்த்தபடி வளரவில்லை.

அந்தப் பூச்சி ஒபன்ஷியா மோனகாந்தா என்ற சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது. இதைக் கண்டவர்கள் 1860களில் தென்னிந்தியாவில் களையாகப் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க அதையே பயன்படுத்தினார்கள். ஒபன்ஷியா மோனகாந்தா மடிந்தது. பார்வைக்கு அதைப் போலவே இருந்த ஒபன்ஷியா டில்லெனியும் ஒபன்ஷியா எலேட்டியரும் அசையவில்லை. மனிதர்கள் ஒரே பெயரால் அழைத்த செடிகளை அந்தப் பூச்சி வேறு வேறாகவே பார்த்தது. 1926இல் இலங்கை வழியாக வந்த டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற மற்றோர் இனத்தால்தான் அவை கட்டுக்குள் வந்தன. பூச்சியின் இனத்தையும் செடியின் இனத்தையும் சரியாக அறியாமல் உயிரியல் கட்டுப்பாடு இல்லை. வேளாண்மைக்கும் மருந்துக்கும் இதுவே பொருந்தும்.

இன்றும் சாலையோரச் சப்பாத்திக்கள்ளியைப் பூக்கும்போது பார்த்தால் வேறுபாடு தெரியும். டில்லெனியின் பூ எலுமிச்சை மஞ்சள். எலேட்டியரின் பூவில் சிவப்புச் சாயல் இருக்கும். மகரந்தத்தாளின் காம்புகளும் சிவந்திருக்கும். முள்ளை மட்டும் பார்த்து இதைச் சொல்வது கடினம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

மொட்டு தெரிந்த நாளிலேயே தேதியைக் குறியுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் மொட்டின் நீளத்தை அளந்து வரைபடம் போடலாம். அளத்தல், எண்ணுதல், நாள்காட்டி என மூன்று திறன்கள் அதில் அடங்கிவிடும். முள் இருக்கும் இடத்தில் ஆசிரியர் அளந்து சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும்.

மேல் வகுப்புகளில் பூக்கும் முன்பே ஒரு பதிவுத்தாள் தயாரித்துவிடுங்கள். அதில் இந்தத் தலைப்புகள் போதும்: பூ விரிந்த நேரம், மூடிய நேரம், செடியில் பூ வந்த இடம், நீளம், அகலம், பூக்குழலில் செதில் அல்லது முடி அல்லது முள், உள்ளிதழ் நிறம், வெளியிதழ் நிறம், மகரந்தத்தாள் நிறம், சூலகமுடிக் கிளைகளின் எண்ணிக்கை, மணம், வந்த பூச்சிகள். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஊகத்தைத் தனிக் கட்டத்தில் எழுதட்டும்.

படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். முன்புறம் மட்டும் எடுத்தால் அழகான படம் கிடைக்கும், அடையாளம் கிடைக்காது. பக்கவாட்டில் பூக்குழல் முழுவதும் தெரிய ஒரு படம், பூ தண்டோடு சேரும் இடத்தில் ஒரு படம், முழுச் செடிக்கு ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பூ வந்தால் ஒன்றை நீளவாக்கில் வெட்டிக் கீழ்மட்டச் சூற்பையைக் காட்டலாம். ஒரே ஒரு பூதான் என்றால் வெட்டாமல் விடுங்கள். அது வாடி விழுந்த பிறகும் சூற்பையையும் செதில்களையும் பார்க்க முடியும். வாடிய பூவைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்துத் தேதியோடு கோப்பில் வையுங்கள்.

கைபேசிச் செயலி ஒரு பெயரைச் சொன்னால் அதையும் ஒரு கருதுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். செயலி சொன்ன பெயருக்கு உரிய விளக்கத்தைத் தேடி, நம் பதிவுத்தாளோடு வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு முக்கிய அடையாளம் ஒத்துப்போகவில்லை என்றாலும் பெயரை ஏற்கக் கூடாது. ஐயம் தீரவில்லை என்றால் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையை அணுகலாம். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. அந்த ஊருக்குக் கல்விச்சுற்றுலா செல்லும் பள்ளிகள் முன் அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

பலகையை மாற்றும் முறை

பழைய சீட்டைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அது இச்செடியின் வரலாற்றில் ஒரு சான்று. புதிய பலகையில் வழக்குப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம், பெயரை முடிவு செய்த நாள், எதைக் கொண்டு முடிவு செய்தோம் என்ற ஒரு வரி ஆகியவை இருக்கட்டும். பின்புறம், வாங்கும்போது இருந்த பெயரையும் எழுதுங்கள். நாளை ஒருவர் நம் முடிவைத் திருத்த வேண்டியிருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவே எழுதுவதும் ஒரு பாடம். பேரினம் வரைதான் உறுதி என்றால் பேரினத்தை எழுதி, இனத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். குடும்பம் மட்டும்தான் தெரியும் என்றால் குடும்பத்தை எழுதி, 'இன்னும் பூக்கவில்லை' என்று சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு சொற்களைப் படிக்கும் குழந்தைக்கு அந்தத் தொட்டியைப் போகிற வருகிற நேரமெல்லாம் எட்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இந்த வாரம் உங்கள் பள்ளித் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். இதுவரை பூக்காத தொட்டிகள் எத்தனை, அவற்றில் எத்தனை பலகைகள் நர்சரிச் சீட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று மாணவர்களைக் கொண்டு கணக்கெடுங்கள். பால் வடியும் கள்ளி ஏதேனும் காக்டஸ் என்ற பெயரில் நிற்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அதற்குப் பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவற்றுக்குப் பதிவுத்தாளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மொட்டு எப்போது வரும் என்று எந்தச் செடியும் முன்கூட்டிச் சொல்வதில்லை.